துருவேறிய பழைய லேண்ட் ரோவர் பிக்கப்: கையில் இருக்கும் சிறு பணத்தை முதலில் எதில் போடுவது?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா நெடுங்காலம் ஓட்டிய லேண்ட் ரோவர் சீரிஸ் 3 பிக்கப் வண்டி இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 109 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம்), 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், பின்னால் திறந்த தொட்டி. அவர் மறைந்த பிறகு 11 ஆண்டுகளாகப் பாதி கூரைக்குள்ளும் பாதி மழையிலுமாக நின்றதால் கதவுகளின் அடிச்சட்டத்திலும் கால் வைக்கும் இடத்திலும் துரு உதிர்கிறது. அடியில் படுத்துப் பார்த்தால், வண்டி முழுவதையும் தாங்கும் எலும்புக்கூடான சேஸிஸ் முழுவதும் பழுப்புச் செதில்களாகத் தெரிகிறது. இன்ஜின் சுற்றவில்லை. பிரேக் பெடலை மிதித்தால் தரையைத் தொடுகிறது. வெளிப் பாடி மட்டும் சில நசுங்கல்களைத் தவிர நன்றாகவே இருக்கிறது.

இதை விற்கவோ உடைத்துப் போடவோ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மொத்தமாகச் செலவழிக்கப் பணம் இல்லை. மாதந்தோறும் வீட்டுச் செலவு போக மிஞ்சும் சிறு தொகையைத்தான் ஒதுக்க முடியும். ஸ்பேனர் செட், ஒரு கிரைண்டர், இரண்டு ஜாக்கி ஆகியவை என்னிடம் உள்ளன. வெல்டிங் தெரியாது.

முதலில் இன்ஜினை ஓட வைத்துவிட்டால் உற்சாகம் வரும் என்று நினைக்கிறேன். அல்லது பாடியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே முறையில் புதுப்பிப்பதுதான் சரியா? தெரிந்தவர் ஒருவர் சேஸிஸை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்துத் தார் பூசிவிட்டால் போதும் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பழம்பட்டறை எழுதியது:

தம்பி, பெரியப்பாவின் வண்டியைக் காப்பாற்ற நினைப்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் சேஸிஸின் உண்மை நிலை தெரியும்வரை இன்ஜினுக்கோ பெயிண்ட்டுக்கோ ஒரு காசுகூடச் செலவழிக்காதீர்கள். சேஸிஸ் உளுத்துப்போன வண்டியில் நன்றாக ஓடும் இன்ஜின் இருந்து பயன் இல்லை. அந்த உண்மையை அறியும் வேலைக்கோ செலவே கிடையாது.

இந்த வண்டியின் பாடி உங்களை ஏமாற்றும். லேண்ட் ரோவர் 1948-இல் வெளிவந்தபோது போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. அதனால் வெளித் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1971 முதல் 1985 வரை தயாரான சீரிஸ் 3 வண்டிகளிலும் அதே வழக்கம் தொடர்ந்தது. வெளித் தகடு துருப்பிடிக்காமல் பளபளவென்று நிற்கும்போதே அதன் அடியில் சேஸிஸும், இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் நிற்கும் பல்க்ஹெட் என்ற எஃகுச் சுவரும் தின்னப்பட்டுக் கொண்டிருக்கும். அந்தச் சேஸிஸ் நான்கு தகடுகளை வெல்டிங் செய்து உருவாக்கிய பெட்டிக் குழாய். சேறும் நீரும் உள்ளே புகுந்து தங்கிவிடுவதால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு ரூபாய் அளவு ஓட்டை தெரிந்தால், உள்ளே கையகலத்திற்குத் தகடு காகிதமாகியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு உங்களுக்குத் தேவையானவை ஒரு சிறிய சுத்தியல், ஒரு பழைய திருப்புளி, ஒரு சாக்குக்கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவைதான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றிய பிறகே அடியில் போங்கள். சேஸிஸ் மீது விரற்கடைக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மெலிந்த இடம் மொத்தென்று மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். உள்ளே போனால் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். பின்பக்கக் குறுக்குச் சட்டம், பல்க்ஹெட்டைத் தாங்கும் பக்கக் கைகள், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் கை, லீஃப் ஸ்பிரிங் மாட்டும் ஹேங்கர்கள், முன் பம்பர் மாட்டும் கொம்புகள் ஆகியவை எப்போதும் முதலில் போகும் இடங்கள். அவற்றை ஒன்றுக்கு இரண்டு முறை தட்டிப் பாருங்கள். அதன் பிறகு பல்க்ஹெட்டில் கால் வைக்கும் கிண்ணங்களையும், கதவுக் கீல் மாட்டும் தூண்களையும், கண்ணாடிக்குக் கீழே உள்ள இரு மேல்மூலைகளையும் பாருங்கள். பெடல்களும் கதவுகளும் அந்தச் சுவரில்தான் தொங்குகின்றன.

தார் பூசும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். உயிருள்ள துருவின் மேல் தார் ஒட்டாது. காலப்போக்கில் உரிந்து இடைவெளி விடும். அந்த இடைவெளியில் நுழையும் நீர் காயவே காயாது. தார் பூசிய சேஸிஸ்களைச் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். கறுப்புத் தோல் மட்டும் இருக்கும், உள்ளே இரும்பு இருக்காது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம் என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். இளவயதில் நான் ஒரு வண்டியை ஆணி வரை கழற்றினேன். பணம் தீர்ந்தது, ஆறு ஆண்டுகள் அது பெட்டிகளில் கிடந்தது, எந்த போல்ட் எங்கே போகும் என்பது எனக்கே மறந்துவிட்டது. குறைந்த பணத்தில் வேலை செய்பவரின் வண்டி எப்போதும் நான்கு சக்கரத்தில் நின்று, தள்ளினால் நகரும் நிலையில் இருக்க வேண்டும். ஒரு பகுதியைக் கழற்றி, சீராக்கி, மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.


அரித்தட்டு எழுதியது:

பழம்பட்டறை ஐயா சொன்ன வரிசை சரியானது. துருவை அகற்றும் வேலையில் பெரும்பணம் வீணாவதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்கு மணல் வீசும் பட்டறையைத் தேட வேண்டியதே இல்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் பொறுமையும் போதும்.

பிராக்கெட், கீல், மேன்ஃபோல்டு போன்ற எஃகு, வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை மிக நல்லது. பத்து லிட்டர் தண்ணீருக்குச் சுமார் மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையிலும், பயனற்ற இரும்புத் தகடு ஒன்றை பிளஸ் முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி கரைசலில் தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் துரு கறுப்புச் சேறாக இளகிவிடும். நல்ல இரும்பு கரையாது. தகட்டைப் பார்க்கும் முகம்தான் விரைவாகச் சுத்தமாகும் என்பதால் பாகத்தை இடையிடையே திருப்பி வையுங்கள், அதுவும் சார்ஜரை அணைத்த பிறகு. பேட்டரி இணைந்திருந்தால் மட்டுமே வேலை செய்யும் புதுவகைத் தானியங்கி சார்ஜர்கள் இதற்கு உதவா. பழைய சாதாரண சார்ஜரே ஏற்றது.

இதில் மூன்று எச்சரிக்கைகளை அலட்சியப்படுத்தக் கூடாது. வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். பிளஸ் முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக மாறி நீரில் கலந்துவிடும். அலுமினியப் பாகத்தை அந்தத் தொட்டிக்குள் விடவே கூடாது. காரக் கரைசல் அதைத் தின்றுவிடும்.

மின்சாரம் வேண்டாம் என்றால் சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து இரண்டு மூன்று வாரம் ஊற வைக்கலாம். நாற்றம் கடுமையாக இருக்கும், ஆனால் உருவம் சிக்கலான பாகங்களின் உள்மூலைவரை சுத்தமாகிவிடும். அவசரமென்றால் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் போட்ட கரைசல் ஒரே இரவில் வேலையை முடிக்கும். பிறகு ஆப்ப சோடா கரைத்த நீரில் அலசி அமிலத்தை முறிக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் பட்டைகளையும் உயர்பலம் கொண்ட போல்ட்டுகளையும் அமிலத்தில் போடாதீர்கள். அமிலத்திலிருந்து எழும் ஹைட்ரஜன் கடினமாக்கிய எஃகுக்குள் புகுந்து, பின்னொரு நாள் சுமையில் அதை முறித்துவிடும். அவற்றுக்கு இரும்புப் பிரஷ்தான் வழி.

எந்த முறையானாலும் ஈரத்திலிருந்து எடுத்த இரும்பு கண் முன்னே மீண்டும் செம்மையேறத் தொடங்கும். அன்றே காயவைத்து அன்றே எபாக்சி பிரைமர் பூசிவிடுங்கள். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பிரைமரோடு மாதக்கணக்கில் விட்டுவைத்துவிட்டு, மேற்பூச்சை நம்பி ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. அலுமினியத் தகடு எஃகைத் தொடும் இடங்களில், குறிப்பாகக் கதவுகளின் அடியில், வெள்ளை மாவு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களும் ஒரு சிறு பேட்டரி போல இயங்கி, அலுமினியம் தன்னைக் கொடுத்து எஃகைக் காக்கும். மீண்டும் மாட்டும்போது இரு பரப்புகளுக்கும் பெயிண்ட் பூசி, நடுவில் சீலன்ட்டோ ரப்பர் பட்டையோ வைத்துப் பிரித்துவிட்டால் அந்தத் தேய்மானம் நின்றுவிடும்.


கைச்சுழல் எழுதியது:

இன்ஜினுக்கு இப்போது செலவழிக்க வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அது மேலும் கெடாமல் இருக்க இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயும் டீசலும் சம அளவில் கலந்து சிறிதளவு ஊற்றி, ஒரு வாரமாவது ஊறவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு வலுக்கட்டாயமாகச் சுற்ற வேண்டாம். ஒட்டிக்கொண்ட பிஸ்டன் வளையங்கள் உடைந்துவிடும். இந்த வண்டிக்கு முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றும் வசதி இருப்பது பெரிய வரம். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிடியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு விரல் அளவு நகர்ந்தால் போதும், அங்கிருந்து விடுபட்டுவிடும்.

சுற்றத் தொடங்கிய பிறகு ஆயில் பேன் போல்ட்டைத் திறந்து பழைய எண்ணெயை வடியுங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். டேங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் அகற்றுங்கள். புது எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலேயே சுற்றி எண்ணெய் மேலே ஏறிய பிறகு வால்வு டேப்பெட் இடைவெளியை 0.010 அங்குலத்திற்குச் சரிசெய்து, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, 1-3-4-2 என்ற வரிசையில் பிளக் வயர்களை மாட்டினால், இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இதுவரை எண்ணெய்க்கு மட்டுமே செலவு.


நெடுவழி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வண்டிக்கு அடியிலேயே கழிந்தன. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் திருப்புளி கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. வலப்பக்கம் பல்க்ஹெட்டைத் தாங்கும் கை, சுத்தியல் பட்டதும் துண்டாக விழுந்தது. இரண்டு நீளச் சட்டங்களும் பெரும்பாலும் கணீரென்று ஒலிக்கின்றன. ஆனால் இடப்பக்கப் பின் ஸ்பிரிங்கின் முன்ஹேங்கருக்கு அருகில் உள்ளங்கை அகலத்திற்கு ஓர் இடம் மந்தமாக இருக்கிறது. வலப்பக்கக் கால் கிண்ணம் முற்றிலும் போய்விட்டது.

கைச்சுழல் அண்ணா சொன்னபடி எண்ணெய் ஊற்றி, ஒன்பதாம் நாள் கைப்பிடியை அசைத்தபோது இன்ஜின் நகர்ந்தது. அந்த நொடியில் பெரியப்பா அருகில் நிற்பது போல இருந்தது.

வெல்டிங் செய்பவர் ஒருவர் ஓட்டைகளின் மேல் தகடு வைத்து ஒட்டிவிடலாம், ஒரே நாள் வேலை என்கிறார். செய்யலாமா? அல்லது புதுச் சேஸிஸ் வாங்கும்வரை பணம் சேர்க்க வேண்டுமா?


தீப்பொறி எழுதியது:

தம்பி, வெல்டிங்கே என் தொழில் என்பதால் பதில் சொல்கிறேன். துருவின் மேல் தகடு வைத்து ஒட்டுவதற்குச் சம்மதிக்காதீர்கள். மெலிந்த இரும்பு வெல்டிங் சூட்டில் உருகி ஓடும். ஒட்டியது போலத் தெரிந்தாலும், புதுத் தகட்டுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவில் ஈரம் சிக்கி, சில ஆண்டுகளில் ஓட்டை முன்னைவிடப் பெரிதாகும். கணீரென்று ஒலிக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள தகட்டை, அதாவது இந்தச் சேஸிஸுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் தகட்டை, விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி வெல்டிங் செய்வதுதான் பழுதுபார்ப்பு. வண்டியில் ஆள் ஏறப்போகிறார் என்பதை மறந்து யாரும் குறுக்குவழி சொல்லக் கூடாது.

நீங்கள் சொல்லும் நிலையில் புதுச் சேஸிஸ் தேவையில்லை என்பது என் கணிப்பு. குறுக்குச் சட்டமும் பக்கக் கைகளும் கால் கிண்ணங்களும் தயார்நிலையில் தனித்தனிப் பாகங்களாகக் கிடைக்கும் வண்டி இது. மாதத்திற்கு ஒன்று என்று வாங்கலாம். வெல்டிங்கில் பணம் கரைவது தீ எரியும் நேரத்தில் அல்ல, அதற்கு முன் சுரண்டி, கழற்றி, வெட்டி, அளந்து தயார் செய்யும் நேரத்தில்தான். அந்த உழைப்பை நீங்களே செய்யுங்கள். பெயிண்ட்டும் துருவும் போய் வெள்ளி போல மின்னும் விளிம்புகளையும், பொருத்திப் பார்த்து வெட்டிய தகடுகளையும் முன்னால் வைத்துவிட்டால் வெல்டருக்கு உரிய கூலி சில மணி நேரத்திற்கு மட்டுமே ஆகும். கற்க விருப்பமிருந்தால் பயனற்ற தகடுகளில் பல வாரம் பழகி, கதவுச் சட்டம் போன்ற சுமை தாங்காத இடங்களை நீங்களே ஒட்டலாம். ஸ்பிரிங் ஹேங்கரை மட்டும் பழகும் கையால் தொடாதீர்கள்.

வெட்டும் முன் வண்டியின் எடை நான்கு இடங்களிலும் சமமாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸில் இரு பக்கமும் ஒத்த போல்ட் துளைகளைத் தேர்ந்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அதே அளவு திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். கதவு இப்போது எப்படி மூடுகிறது என்பதையும் குறித்து வையுங்கள்; பல்க்ஹெட் சற்று நகர்ந்தாலும் கதவுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

தீ தொடங்கும் முன் பேட்டரியைத் துண்டித்து, பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெகுதூரம் கொண்டுபோய் வையுங்கள். காலியான டேங்க்தானே என்று அதன் அருகில் வெல்டிங் செய்வது உயிருக்கு ஆபத்து; திரவத்தைவிட மிஞ்சியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். டேங்கையே ஒட்ட வேண்டியிருந்தால் அதற்கென்று உள்ள பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் விளிம்புகளில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுங்கள். அதன் புகை காய்ச்சலில் தள்ளும்.


பழம்பட்டறை எழுதியது:

தீப்பொறி சொன்னதை ஏற்கிறேன். நீளச் சட்டம் போயிருந்தால் சேஸிஸை மாற்றுவதுதான் வழி என்று சொல்ல இருந்தேன். உள்ளங்கை அகலம் என்றால் காப்பாற்றலாம். ஆனால் அந்த ஹேங்கரை ஒட்டுவதற்கு முன், அதே இடத்தில் சட்டத்தின் உட்பக்கமும் மேற்பக்கமும் தட்டிப் பார்த்தீர்களா? மேற்பக்கத்தின் மீது தொட்டி உட்கார்ந்திருப்பதால் பலரும் அதைப் பார்ப்பதில்லை. அங்கும் திருப்புளி நுழைந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது, அது மாட்டியிருக்கும் இடத்தில் உள்ள புஷ் என்ற ரப்பர் உருளையின் வெளி உறை சேஸிஸ் குழாயோடு ஒன்றாக இறுகியிருக்கும். சம்மட்டியால் அடித்தால் மெலிந்த ஹேங்கர் கிழியும். ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, உறையை மட்டும் ரம்பப் பிளேடால் நீளவாக்கில் அறுத்து உள்நோக்கி மடக்கி எடுங்கள். ஒன்றுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும், ஆனால் செலவு இல்லை.

சேஸிஸுக்கு அடுத்து உங்கள் பணம் பிரேக்குக்கே போக வேண்டும். 109-இல் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என மொத்தம் ஆறு வீல் சிலிண்டர்கள் உள்ளன. 11 ஆண்டு நின்ற வண்டியில் அவற்றையும், மாஸ்டர் சிலிண்டரையும், ரப்பர் ஹோஸ்களையும், துருவேறிய எஃகுக் குழாய்களையும் புதிதாகவே மாற்றுங்கள். இதில் பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். டயர்களின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான். நகர்த்துவதற்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் முடிந்து வெளிப்புறம் பிரைமரும் பெயிண்ட்டும் காய்ந்த பிறகு, துரு பிறந்த இடமான உட்புறத்துக்குத் துருத்தடுப்பு மெழுகைச் சற்றுச் சூடான நீரில் வைத்து இளக்கி, நீண்ட குழாய் வழியாகச் சேஸிஸ் முழுவதும் தெளிக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் தெளித்தால் தீப்பற்றும். அதனால்தான் கடைசியில் சொல்கிறேன். தெளிப்பதற்கு முன் சேஸிஸின் அடியில் உள்ள வடிகால் துளைகள் ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தித் திறந்து, தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை வெளியேற்றி, சில நாள் நன்றாகக் காயவிடுங்கள். மெழுகு காய்ந்த மறுநாளும் அதே கம்பியை எடுத்துப்போய் அந்தத் துளைகளை மீண்டும் ஒருமுறை திறந்துவிடுங்கள்.